தகரக் குவளை

இறக்கை முறிந்த அந்த மூழ்கு வாத்தை வலைக்காரன் மனைவி சமையலறைத் தொட்டியில் இரண்டு மாதம் வைத்துக் காப்பாற்றினாள். தகரக் குவளையைக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவாள். ஊறவைத்த கோதுமைக்கு அது கழுத்தை நீட்டிக்கொண்டு வரும்.

"கட்டின புருஷனுக்கு இந்த உபசாரம் இல்லையே!" என்பான் வலைக்காரன். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற ஆள் அவன்.

குளிர் இறுகி ஏரி உறைந்தது. ஆறு வந்து விழும் இடம் மட்டும் தண்ணீராக இருக்க, ஏரி வாத்துகள் அத்தனையும் அங்கே வந்து ஒண்டின. தனி வாத்தைக் கழுகு தூக்கிவிடும். கூட்டத்தில் நின்றால் பிழைக்கும். பறக்காவிட்டால் என்ன, முங்கத் தெரிகிறதே என்று அவள் அதைக் கொண்டுபோய் விட்டாள். கூட்டம் விலகி இடம் கொடுத்தது. மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தவளைப் போல நிம்மதியாக வீடு திரும்பினாள்.

மூன்றாம் நாள் புருஷன் ஒரு சாக்கை அவள் முன் கொட்டினான். செத்த வாத்துகள், நாற்பதாவது இருக்கும்.

"அதுங்க கரைப்பக்கமே வராதேங்க?"

அவன் சட்டைக்குள்ளிருந்து குவளையை எடுத்து மூன்று தட்டுத் தட்டினான். "உன் மக வந்தா. கோதுமையைத் தண்ணில வீசினேன், முங்கினா. அங்க இரை இருக்குன்னு மொத்தக் கூட்டமும் பின்னாலயே வந்து முங்குச்சு. அடியில என் வலை."

அவள் கை குவியலைக் கிளறியது.

"தேடாதே. அதை மட்டும் வலையிலேருந்து எடுத்து விட்டுட்டேன். நாளைக்கும் வேணுமே!"

பாவி, அதற்கு நன்றி வேறு எதிர்பார்த்தான்.

மறுநாள் விடிந்ததும் குவளையோடு கரைக்குப் போனாள். தன் சத்தத்துக்கே வராவிட்டால் அவன் சத்தத்துக்கும் வராது, விட்டுவிடலாம். 'வராதே, வராதே' என்று வேண்டிக்கொண்டே தட்டினாள்.

வந்தது. பின்னாலேயே கூட்டமும் வந்தது. அது அவள் உள்ளங்கையில் அலகை வைத்தது. அவள் அழுதுகொண்டே அதன் கழுத்தைத் திருகினாள். கூட்டம் சடசடவென்று நடு நீருக்கு ஓடியது.

வீட்டில் புருஷன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "குவளை எங்கடீ?"

அவள் குவளையையும் வாத்தையும் அவன் காலடியில் போட்டாள்.

அவன் குனிந்து குவளையை மட்டும் எடுத்தான். ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"தொட்டி காலியாத்தானே கிடக்கு? இன்னொண்ணு பிடிச்சுட்டு வரேன், நீயே பழக்கு. இறக்கையை முறிக்க எவ்வளவு நேரமாகும்?"