குளியலறைக் கதவுக்கு இரண்டாம் பூச்சு

மார்ச் 14, வியாழன். ஒரு தவறு. நேற்றைய பக்கத்தில் "குளியலறைக் கதவு நிலை, மஞ்சள், இரண்டு பூச்சு, முடிந்தது" என்று எழுதி டிக் போட்டிருக்கிறேன். முடியவில்லை. பிரைமர் மட்டும்தான் அடித்திருக்கிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், செய்யப்போவதைச் செய்ததாகவே எழுதிவிட்டேன். இனிமேல் பிரஷ்ஷைக் கழுவி வைத்த பிறகுதான் டிக்.

எழுதிவிட்டு அவள் தலை நிமிரவும், அப்பா குளியலறையிலிருந்து வெளியே வரவும் சரியாக இருந்தது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"நேத்து அடிச்ச மஞ்சள் சும்மா தகதகன்னு இருக்கு அம்மாடி. கட்டில்லருந்து பாத்தாலே வா வான்னு கூப்பிடுது" என்றார்.

அவர் சாய்ந்திருந்த நிலை வெளுத்த சாம்பல் நிறத்தில் இருந்தது. சுவரும் அதே நிறம்தான். எது சுவர், எது நிலை என்று அவளே கொஞ்சம் உற்றுப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"நல்லா தெரியுதாப்பா?"

"பின்ன? குருடனுக்குக்கூடத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு, கட்டிலை நோக்கி நடந்தார்.

முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அவர். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று பழகிய கால். வீட்டுக்குள்ளும் அந்த வாய் ஓயவில்லை. "அடுப்படி, அடுப்படி, அடுப்படி இறங்கு. அடுத்தது கட்டில், கடைசி நிறுத்தம்" என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் நடப்பார். ரெண்டு வருடமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. மருத்துவர் கையை விரித்துவிட்டார். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். பகல் முழுக்க அவள் அச்சகத்தில் வேலை செய்ய, அப்பா வீட்டில் தனியாக இருந்தார்.

சுவரில் கோலம் போடுவதற்கென்று மாலை வகுப்பில் சேர்ந்தவள், அங்கே கற்றதையெல்லாம் அப்பாவின் கண்ணுக்காகத் திருப்பிக்கொண்டாள். கட்டிலில் தொடங்கி குளியலறை வரைக்கும், அங்கிருந்து அடுப்படி வரைக்கும், இடுப்பு உயரத்தில் சுவரில் ஒரு பட்டை. மங்கிய கண்ணுக்கு நிறத்தைவிட வெளிச்சமும் இருட்டும்தான் முக்கியம் என்பதால், அடர்ந்த பட்டைக்கு மேலே வெளிர்மஞ்சள் விளிம்பு. திரும்பும் இடங்களில் வெட்டிய அட்டையை வைத்து அடித்த டைமண்ட் வடிவம். சுவிட்சைச் சுற்றிக் கறுப்புச் சட்டம். பெயின்ட் கடையில் நிறம் தப்பிப்போய் யாரும் வாங்காமல் ஒதுக்கி வைத்த டப்பாக்களாகப் பார்த்து வாங்கி, ஒன்றோடு ஒன்று கலந்து ஒப்பேற்றினாள். ஒவ்வொரு வேலைக்கும் நோட்டில் கட்டம் போட்டிருந்தாள். இடம், நிறம், எத்தனை அடி தூரத்திலிருந்து அப்பாவுக்குத் தெரிகிறது. கடைசிக் கட்டத்தில் எல்லாமே "தெரிகிறது" என்றுதான் இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான். அப்பா தனியாக நடமாட முடிகிறதா என்று பார்ப்பான். முடிந்தால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். ரயிலில் ஒரு ராத்திரி தூரம். அங்கே அண்ணி பகலெல்லாம் வீட்டில் இருக்கிறாள், நல்லவள்தான். ஆனாலும் அப்பாவுக்குப் போக இஷ்டமில்லை, அவளுக்கு அனுப்ப மனமில்லை.

"அடுப்படி மேடை விளிம்பு என்ன கலர்ல தெரியுதுப்பா?" என்று கேட்டாள். சும்மா கேட்பதுபோல.

"நீலம்தான். நீதானே நீலம்னு சொன்ன."

நீலம் அடிக்கப்போவதாகச் சொன்னது உண்மை. டப்பா போதாமல் காப்பிப்பொடி நிறத்தில் அடித்ததை அவரிடம் சொல்ல மறந்திருந்தாள்.

அவள் நோட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் பல் தேய்த்தபடி அப்பா நடப்பதைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் உதட்டைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து எழுந்தார். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. ஏழில் நின்று, புறங்கையால் சுவரைத் தொட்டு, இடது பக்கம் திரும்பி, மறுபடி ஒன்றிலிருந்து. நான்காவது அடியில்தான் "குளியலறை இறங்கு!" என்று கூவினார். அந்தக் கூச்சலும் சிரிப்பும் எண்ணிக்கை முடிந்ததற்கு அடையாளம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்று வகுப்பில் ஸ்பாஞ்சால் மேகம் ஒற்றும் பயிற்சி. அவள் ஒற்றியது எல்லாம் ஈரச் சுவரில் பூசணம் பிடித்ததுபோல் வந்தது. கூடப் படிக்கும் தையற்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னடி இது, மேகமா, மழை பெஞ்சு முடிஞ்ச சாக்கடையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது, தம்ளரை வாங்க நீண்ட கையில் சட்டை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் நீளத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் கொப்புளம் உடைந்திருந்தது.

"என்னப்பா இது?"

"எது? ஓ, அதுவா. பழசு."

"ஈரமா இருக்கு. பழசுங்கறீங்க."

அப்பா கையை இழுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா தெரியலப்பா?"



"மழை நின்னதுலருந்து" என்றார். "வெளிச்சம் தெரியுது. இருட்டு தெரியுது. நடுவுல இருக்கறதெல்லாம் ஒரே புகை."

"ஏன் சொல்லல?"

"நீ வேலைலருந்து அலுத்துப்போய் வர்ற. வந்ததும் முழங்கால் போட்டு உக்காந்து அடிக்கற. அடிச்சிட்டு, தெரியுதாப்பா, இப்ப தெரியுதாப்பான்னு கேக்கற. தெரியல தெரியலன்னு எத்தனை தடவை ஒரு மனுஷன் சொல்வான்?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாத அம்மாடி. இந்த வீட்ல எனக்கு அடி கணக்கு அத்துப்படி. அங்க போனா நான் ஒரு மூட்டைதான். இங்க வை, அங்க வைன்னு அவங்க வைக்கற இடத்துல இருக்கணும். சொல்லமாட்டேல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியது அவருக்குத் தெரியாது என்பது ஆட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. வாயைத் திறந்து "சரி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருந்து தேடுவதுபோல் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிறு காலை அண்ணன் தோளில் ஒரு பையும் கையில் ஆரஞ்சுப் பழங்களுமாக வந்தான். வாசலிலேயே நின்று சுவர்களைப் பார்த்தான்.

"என்ன பாப்பா, பத்திரிகைல வர்ற வீடு மாதிரி ஆக்கிட்ட! வாடகை வீடுன்னு சொன்னா நம்பமாட்டாங்க. உங்க அண்ணிக்கு போட்டோ அனுப்பினா என் உயிரை எடுத்துடுவா."

"பட்டை கொஞ்சம் கோணலா இருக்குண்ணா."

"உனக்கு மட்டும்தான் அது தெரியும்" என்று அவள் தலையில் தட்டிவிட்டு, "எங்க, அப்பா, கொஞ்சம் நடந்து காட்டுங்க பாப்போம்" என்றான்.

"டிக்கெட் எடுத்துட்டியாடா பெரியவனே?" என்று அப்பா எழுந்தார்.

அப்படி ஒரு நடையை அவள் பார்த்ததில்லை. தயக்கமே இல்லை. கை வீசி நடந்தார். குளியலறைக் கதவைத் திறந்து மூடினார். சுவிட்சைப் போட்டு அணைத்தார். அலமாரியிலிருந்து துண்டை எடுத்து அண்ணன் குரல் வந்த திசையில் வீசினார். துண்டு அண்ணன் தோளிலேயே போய் விழுந்தது. அண்ணன் வாயைப் பிளந்துவிட்டான்.

"போன தடவை வந்தப்ப நாற்காலில இடிச்சுக்கிட்டீங்களே!"

"அப்ப உன் தங்கச்சி பெயின்ட் அடிக்கல."

அண்ணனின் தோள் இறங்கியதை அவள் கவனித்தாள். எத்தனை நாள் கவலையோ. "சரி, ஒரு ஆறு மாசம் பாப்போம். நல்லாத்தான் இருக்கீங்க" என்றான். "பாப்பா, நீ பெரிய ஆளுதான்."

அவள் சுவரைப் பார்த்தாள். ஆறு மாதம். நினைக்கவே நெஞ்சு லேசாகியது. பேசாமல் இருந்தால் போதும். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

"உக்காருடா, உனக்கு நானே டீ போடறேன்" என்று அப்பா அடுப்படிக்குள் போனார். அண்ணன் பின்னாலேயே போய், பழங்களை மேடையில் வைத்தான். வைக்க இடம் வேண்டி, அங்கே இருந்த லைட்டரை ஒரு சாண் தள்ளி வைத்தான். யாரும் செய்கிற காரியம்தான். பிறகு முன்னறைக்கு வந்து போனைப் பார்த்தான்.

அப்பா அடுப்பைத் திருகினார். வலது கை லைட்டர் இருக்கும் இடத்துக்குப் போனது. இல்லை. விரல்கள் ஒரு பழத்தைத் தொட்டு, பின்வாங்கி, மேடையைத் தடவின. "உன் பொண்டாட்டி டீயில சர்க்கரை போடறாளாடா, இல்ல அதுக்கும் தடையா?" என்று குரல் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. கேஸ் உஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. அடுப்பை மூட அவருக்குத் தோன்றவில்லை. இடது கை பர்னரின் மேலேயே இருந்தது, சட்டை நுனி தொங்கிக்கொண்டு. லைட்டர் விரலில் பட்டது. எடுத்தார்.

அவள் ஓடிப்போய்த் திருகியை மூடினாள். ஜன்னலைத் திறந்தாள்.

"அண்ணா" என்றாள். அவன் போனிலிருந்து நிமிரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "அண்ணா. அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. எதுவுமே தெரியாது. எல்லாம் எண்ணி எண்ணி நடக்கறாங்க. கையைப் பாரு."

அண்ணன் வந்து கையைப் பார்த்தான். மூவரும் அடுப்படியில் நின்றார்கள். அப்பா லைட்டரை மேடையில், அது எப்போதும் இருக்கும் இடத்தில், வைத்தார்.

"ஒத்த பெல் அடிச்சிட்ட அம்மாடி" என்றார். "வண்டி நின்னுடுச்சு."

செவ்வாய்க்கிழமை ராத்திரி ரயிலுக்கு அண்ணன் டிக்கெட் போட்டான். பிறகு ஊருக்குச் சொல்ல, அண்ணிக்குச் சொல்ல என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சாயங்காலம் அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"கோபமாப்பா?"

"கோபம்தான்." போர்வையை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு இருக்காது. இன்னிக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு, "நீ சரின்னு சொல்லவே இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, சொல்லு. வீடு எப்படி இருக்கு? உள்ளது உள்ளபடி சொல்லு."

அவள் சொன்னாள். கட்டிலோரம் தொடங்கும் அடர்நீலம், அதன் மேல் மஞ்சள், டைமண்டில் மூன்றாவது மட்டும் கொஞ்சம் சரிந்தது, அடுப்படியில் நீலம் தீர்ந்து நிறம் மாறியது. பட்டை கோணல் என்பதையும் சொன்னாள்.

"கோணல் தெரியும். விரல்ல தட்டுச்சே."

"விரல்லயா?"

"உன் பட்டைக்கு ஒரு விளிம்பு இருக்குல்ல, மேடு மாதிரி. புறங்கையில அதைத் தொட்டுக்கிட்டேதானே போவேன். எண்ணிக்கை தப்பினாக்கூட அது விடாது. நல்ல வேலைம்மா அது." அப்பா சுவரில் கையை வைத்து அதைக் காட்டினார். "அடுப்படிப் பக்கம்தான் என்னவோ வழவழன்னு போச்சு. அங்க எங்க திரும்பறதுன்னே பிடிபடல."

டேப் ஒட்டி அடித்தால் விளிம்பில் பெயின்ட் தடித்து நிற்கும். அது கைவேலையின் குறை என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். போன வாரம் அவள் உப்புத்தாள் வாங்கி, அடுப்படிப் பக்கப் பட்டையை ஒரு முழு மாலை உட்கார்ந்து தேய்த்தாள். மேடு துளியும் இல்லாமல். அண்ணன் வருவதற்குள் வீடு முழுக்கத் தேய்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள், நேரம் கிடைக்கவில்லை. நோட்டில் அன்றைய பக்கத்தில், "இதுவரை செய்ததில் இதுதான் சுத்தமான வேலை" என்று எழுதியிருந்தாள்.

அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்பா பேசிக்கொண்டே போனார்.

"அங்க போயி எது எந்தச் சட்டைன்னு தினமும் உங்க அண்ணிய நிக்க வெச்சுக் கேக்கணும். அதுதான் எனக்குப் பெரிய வெக்கமா இருக்கு. மத்ததெல்லாம் பழகிடும்."

"நான் பாத்துக்கறேன்பா."

"என்னத்தைப் பாத்துப்ப?"

"சட்டையை."

விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 17, ஞாயிறு. அடுப்படிப் பட்டையின் விளிம்பைத் தேய்த்தது தவறு. தேய்க்கும் முன் அப்பாவைக் கேட்டிருக்க வேண்டும். இன்று அண்ணனிடம் சொன்னது சரியா தவறா என்று எழுதத் தெரியவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நாளை: அரை நாள் லீவு சொல்ல வேண்டும். அப்பாவின் சட்டைகள் ஆறு. காலருக்கு உள்பக்கம் சின்னப் பட்டன் தைக்க வேண்டும். வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு, கோடு போட்டதற்கு மூன்று. சாம்பல் நிறச் சட்டை இரண்டுக்கும் பட்டன் வேண்டாம், நூல் முடிச்சு போதும். பச்சைச் சட்டைக்கு என்ன என்று அப்பாவைக் கேட்டுவிட்டுத் தைக்க வேண்டும்.