வெளுக்காத படம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வைஜயந்தி கடலை மாவில் தயிர் ஊற்றிக் குழைப்பாள். சாப்பாட்டுக்கு அல்ல, மகள் வைஷுவின் முகத்துக்கு. கோயமுத்தூரை விட்டு வடக்கே வந்து, போபோடியில் அந்த இரண்டு அறை வீட்டுக்கு அவர்கள் குடிவந்த நாளிலிருந்து இது தவறியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஒருமுறை சிரித்துக்கொண்டே, "பாப்பா அப்படியே உங்க மாதிரி, இல்ல?" என்று இந்தியில் கேட்டிருந்தாள். அவள் நல்லவிதமாகத்தான் சொன்னாள். ஆனால் வைஜயந்திக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்டது. தன் நிறத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அவளுக்குள் ஆறாத புண்ணாக இருந்தது.

"வா கண்ணு, பூசிக்கலாம். காயறதுக்கு நேரம் வேணுமல்ல."

"அரே அம்மா, இன்னிக்கு வேணாம். கேமரா வாங்கத்தானே போறோம்? பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"வாய் மட்டும் கோயமுத்தூருக்குக் கேக்கற மாதிரி இருக்குது. கடையில உன்னத்தான போட்டோ எடுத்துக் காட்டுவாங்க? மூஞ்சி பளிச்சுன்னு இருக்கோணும்."

வைஷு பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததற்காகத்தான் இந்தப் பரிசு. தங்கத் தோடு வாங்கலாம் என்று வைஜயந்தி சொன்னபோது, சின்னதாக ஒரு கேமரா போதும் என்றாள் மகள். "போன்லயே நல்லா விழுகுதே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டதற்கு அவள் தோளைக் குலுக்கினாள். "போன்ல எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி ஆயிடுது அம்மா. நான் எடுத்தவங்க அதுல இருக்கறதே இல்ல." அந்தப் பதில் வைஜயந்திக்குப் புரியவில்லை. சாகணில் இருக்கும் கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவள் கணவர் பத்மநாபன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "புதுசாக் கத்துக்கற புள்ளைக்கு வெல ஒசந்தது வேண்டாம். பையில அடங்கற மாதிரி, சுளுவா இருக்கறதாப் பாரு."

மெட்ரோவில் பிம்ப்ரிக்குப் போகும் வழியில், எதிர் இருக்கையில் இரவு வேலை முடித்த ஒரு பெண் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரயில் திரும்பும்போதெல்லாம் வெயில் அவள் கழுத்தில் ஏறி இறங்கியது. வைஷு வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க பாரு. எவ்ளோ அழகு!"

வைஜயந்தி பார்த்தாள். "பாவம், தூங்கி வழியறா," என்றாள். மகள் எதைப் பார்த்தாள் என்பது அவள் கண்ணில் படவே இல்லை.

கடையில் நின்ற பெண்ணின் சட்டையில் ரீனா என்று பெயர் குத்தியிருந்தது. கண்ணாடி மேஜைமேல் மூன்று சின்னக் கேமராக்களை எடுத்து வைத்து, இந்தியில் விளக்கினாள். ஒன்றில் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். இன்னொன்று மழையில் நனைந்தாலும் கெடாது. மூன்றாவதுதான் இப்போது அதிகம் போகிறது என்று சொல்லி, வைஷுவின் முகத்துக்கு நேரே நீட்டி அழுத்தினாள்.

"தேக்கோ ஆன்ட்டி, கித்னி கோரி!" எவ்வளவு சிவப்பு பாருங்கள் என்கிறாள்.

திரையில் ஒரு பெண் இருந்தாள். வைஷுவின் சடை, வைஷுவின் சுடிதார். முகம் மட்டும் பால்கோவா நிறம். மூக்கோரத்து மச்சத்தைக் காணோம்.

வைஜயந்தியின் மனம் குளிர்ந்துபோயிற்று. "அய்யோ, எத்தன செவப்பாத் தெரியறா! இதே குடுத்துருங்க. நாளைக்கு ஊருக்கு ஒரு போட்டோ அனுப்போணும்னாலும் இதுல எடுத்துக்கலாம்."

"அது வேணாம்மா." வைஷு மேஜையின் ஓரத்தில் கிடந்த வேறொன்றை எடுத்தாள். யாரோ வைத்திருந்து விற்றது. மூலையில் கீறல் இருந்தது, விலையும் குறைவு. "இது போதும். இது முகத்தை மாத்தாது."

"பழசு போய் எதுக்கு? அதுல வெளுக்கறது வேண்டாம்னா அமுத்தி நிறுத்திக்கலாம்னு அந்தப் பொண்ணே சொல்லுதல்ல?"

"அமுத்தலாம். நீ அமுத்த விடுவியா?"

வைஜயந்தி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வைஷுவின் குரல் உயரவில்லை. திரையைக் கை காட்டி அவள் சொன்னாள்:

"உனக்குப் பிடிச்ச பொண்ணு அங்க இருக்கா. அவளையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நான் மெட்ரோல வந்துக்கறேன்."

ரீனாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். வைஜயந்தி கண்ணாடிக் கதவருகே போய் நின்றாள். வெளியே பஸ்களும் ஸ்கூட்டர்களும் போய்க்கொண்டிருந்தன. நான் இவள் நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வார்த்தை ஒட்டவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் மட்டு நிறம்" என்று போன நாட்கள் நினைவுக்கு வந்தன. பிறகு கல்யாணம் கூடியபோது, ஸ்டுடியோக்காரர் ஆல்பம் முழுவதும் அவள் முகத்தை வெளுத்துக் கொடுத்தார். வீடே மகிழ்ந்தது. அவளும் மகிழ்ந்தாள். அந்த ஆல்பத்தில் மணமகள் இருக்கிறாள். தான் இல்லை என்பது இத்தனை வருடத்தில் இன்றுதான் அவளுக்கு உறைத்தது. தனக்கு நடந்ததையே, கையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் மகளுக்குச் செய்திருக்கிறாள்.

திரும்பி மகளைப் பார்த்தாள். அந்த நேரத்தில் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. கீறல் விழுந்த கேமரா வைஷுவின் கையில் இருந்தது.

"சாரி. வெளிச்சம் நல்லா விழுந்துச்சு," என்றாள், கோபம் பாதி தணிந்த குரலில். "பாரு."

வைஜயந்தி குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

கதவு வழியாக வந்த வெயில், படத்தில் வைஜயந்தியின் முகத்தில் ஒரு பக்கம் படர்ந்திருந்தது. நெற்றி ஒரு நிறம். கன்ன மேடு வேறு நிறம், அடுப்பில் கருப்பட்டிப் பாகு பொங்கும்போது விளிம்பில் தெரியுமே, அந்தச் செம்பொன். கண்ணுக்குக் கீழே ஊதா. கழுத்து மடிப்பில் ஏறக்குறைய நீலம். கறுப்பு ஒரே நிறம் என்றுதான் அவள் இதுவரை நம்பியிருந்தாள். ஒரு முகத்துக்குள் இத்தனை நிறங்கள் குடியிருக்குமா? இவையெல்லாம் இவ்வளவு காலமும் தன்னிடம் இருந்தனவா? கோயிலில் திரை விலகும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகுமே, அப்படி அவள் கை போயிற்று.

"இது நானா?"

"வேற யாரு? நீதான்."

"நீ என்னத்தப் பண்ணினே இதுல?"

"ஒண்ணும் பண்ணல அம்மா. அதான் விஷயம்."

வைஜயந்தி திரையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள். பிறந்த நாள் முதல் இந்த முகத்தைத் தினமும் பார்த்திருக்கிறாள், எதைத் திருத்தலாம் என்று தேடித்தேடி. இப்போது தேடவில்லை. அகலமான நெற்றி, மூக்கோரத்து மச்சம், கோபத்தில் இன்னும் துடிக்கும் கீழுதடு. கருமை மேல் வெயில் வழிந்தது. மெட்ரோவில் மகள் வாய் திறந்து பார்த்ததைப் போல அவளும் பார்த்தாள்.

"என்னம்மா அப்படிப் பாக்கற? எதாச்சும் ஒட்டிட்டு இருக்கா?"

"ஒண்ணும் ஒட்டல. சும்மா இரு கண்ணு. பாத்துக்கறேன்."

வைஷு சும்மா இருந்தாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் நின்றாள்.

வைஜயந்தி கீறல் விழுந்த கேமராவை மகளிடமிருந்து வாங்கி, பில் போடச் சொல்லி நீட்டினாள். ரீனா மெதுவாக வெள்ளை முகம் காட்டும் கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே இந்தியில் கேட்டாள். "ஆன்ட்டி, பொண்ணுக்கு வாங்க வர்ற அம்மாக்கள் எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. நீங்களும் முதல்ல இதைத்தானே எடுத்தீங்க? இப்ப ஏன் வேண்டாம்?"

வைஜயந்தி தட்டுத்தடுமாறி இந்தியில் தொடங்கினாள். சொல்ல வந்தது அந்த மொழிக்குள் அடங்கவில்லை. மகளைப் பார்த்து, "நீ சொல்லிரு அம்மிணி," என்று தமிழுக்கு மாறினாள்.

"என்ற பொண்ணு நெறத்துல எந்தக் கொறையும் இல்லீன்னு சொல்லு. கொற, அதப் பாத்த எங்க கண்ணுலதான் இருந்துச்சு. ஊரு சொல்லுச்சுன்னு நான் என்னயே வெறுத்தேன். அப்புறம் அந்த வெறுப்பப் பாசம்னு நெனச்சு இவளுக்கும் பூசிட்டே இருந்தேன். பெத்தவளே புள்ள மொகத்த மாத்தோணும்னு நெனச்சா, வெளிய இருக்கறவன் எப்படி மதிப்பான்? இருக்கற மொகத்த இருக்கற மாதிரியே பாக்கப் பழகறதுதான், ஒரு புள்ளைக்குப் பெத்தவங்க குடுக்கற மொதப் பரிசு. கேமராவெல்லாம் அதுக்கு அப்புறந்தான்."