வின்னிபெக்கில் பூத்த ரோசா

பீற்றிஸுக்குத் தங்கை மீது பொறாமை. சுற்றி வளைப்பானேன், வயிறு எரிந்தது. தேற்றாத்தீவில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருக்கிற உப்பு மணலோடு மல்லுக்கட்டி, இருபது வருடமாக ரோசா வளர்ப்பவள் அவள். மாதா திருநாளுக்குப் பத்துப் பூக் கொடுத்தாலே பெரிய காரியம். கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிற றொசானியோ ஊரில் இருந்தவரை ஒரு கீரைக்கன்று நட்டவளில்லை. இப்போது அவள் வீட்டு வாசலில், மைனஸ் முப்பது குளிரையும் தாங்கி எழும்புகிற செடியாம், கொத்துக் கொத்தாகப் பூக்கிறது.

அம்மா அவள் அனுப்பிய பூப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, கோயிலில் பூசைக்கு வருகிற ஒருவரையும் விடுவதில்லை. “சின்னவள்ட கைராசியப் பாருங்க” என்பாள். கைராசிக்காரி என்று ஊரே சொன்னது அதுவரை பீற்றிஸைத்தான்.

ஒக்டோபரில் றொசானி கோல் எடுத்தாள்.

“அக்கா, ஸ்னோ வரப்போகுது. இப்ப வெட்டாத, எரு போடாத, அடியில மண்ணக் குவிச்சிட்டுச் சும்மா உடு எண்டு இஞ்ச உள்ளவங்க சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

மாரி மழைக்கு முன் கிளை வெட்டி எரு போடுவது இங்கத்தைய வழக்கம். அங்கே அது ஆகாது என்பது பீற்றிஸுக்குக் கேட்டவுடனேயே விளங்கியது. விளங்கியும் சொன்னாள்.

“அவங்களுக்கு என்ன தெரியும்? அடியோட வெட்டு. எருவும் நல்லாப் போடு.”

“சரிக்கா.”

அதற்குப் பிறகு, வின்னிபெக்கில் எத்தனை டிகிரி குளிர் என்று போனில் பார்ப்பதே பீற்றிஸின் காலை வேலையானது. மைனஸ் முப்பத்தைந்து என்று கண்ட நாளில் தேத்தண்ணீர்கூட அதிகமாக இனித்தது. பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது கொஞ்சம் உறுத்தும். வீட்டுக்கு வருவதற்குள் அது போய்விடும்.

ஜூன் மாதம் வீடியோ கோல் வந்தது. வாசல் முழுக்க ரோசா. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“பீற்றிஸ், நீ சொன்னபடி வெட்டினதாலதானாம் இப்பிடிப் பூத்திரிக்கு. எல்லாம் உன்ட கைராசியாம், தங்கச்சி சொல்றாள்.”

பீற்றிஸ் போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

“உண்மையா வெட்டின நீயா?”

றொசானி சிரித்தாள். “இல்லக்கா. வெட்டியிருந்தாச் செத்திரிக்கும். உங்களுக்கு இஞ்சத்தக் குளிர் தெரியாதுதானே, பாவம். அம்மா எந்த நேரமும் என்னயே புகழுறது உங்களுக்கு ஒருமாதிரி இரிந்திரிக்கும். அதுதான் அவட்ட அப்பிடிச் சொன்னன்.”

பொய்யிலும் தங்கைதான் பெரிய மனுசியாகிப் போனாள். பீற்றிஸுக்கு அதையும் பொறுக்க முடியவில்லை.