தலை குனியாத வண்டி

சிலமலை காசிமாயனுக்குக் கார் மேல் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. உயரத்தின் மேல்தான் ஆசை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில் வந்த வினை இது.

தங்கச்சி பொன்னுமணியைப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த ராமருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். ஏலக்காய் விலை ஏறிய வருஷம் ராமர் ஜீப்பு வாங்கினார். வாங்கிய கையோடு சிலமலைக்கு ஓட்டிவந்து மச்சான் வீட்டு வாசலில் நிறுத்தினார். மாப்பிள்ளை வந்திருக்கிறாரே என்று காசிமாயன் கால் கழுவச் செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். ராமர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே, "சௌக்கியமா மச்சான்? வெரசா போகணும், சோலி கெடக்கு" என்றார். புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயே போய்விட்டார். அண்ணாந்த கழுத்தோடும் கையில் செம்போடும் காசிமாயன் நின்றார். ஊரே பார்த்தது.

"உன் வாசலுக்கு நான் வர்ற அன்னைக்கு வண்டிய விட்டு எறங்க மாட்டேன்டா. தலயும் குனிய மாட்டேன்" என்று அந்தப் புழுதியைப் பார்த்துச் சொன்னார். புழுதிக்குக் காது கிடையாது. ஆனால் சிலமலையில் எல்லோருக்கும் இரண்டு காது உண்டு. சொன்ன சொல் அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மலையேறிவிட்டது. அன்றோடு மாமன் மச்சான் பேச்சு நின்றது. நடுவில் கிடந்து பொன்னுமணி அல்லாடினாள். ஆம்பிளைகள் வீம்புக்கு அழுவதெல்லாம் பொம்பிளைகள்தான், அந்த மலையில் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்.

கலியாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, வேண்டாத சாமியில்லை என்று வேண்டி அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பேச்சி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வேறு யார் மடியும் அதற்கு ஆகாது. போடிக்கு வந்த ஜீப்பு டிரைவரிடம் பொன்னுமணி சொல்லியனுப்பினாள்:

"அண்ணே மடியிலதான் எம்புள்ளைக்குக் காது குத்தணும். அது வரலைன்னா காது மூளியாவே கெடக்கட்டும். நானும் இனிமே பொறந்த வீட்டுப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்."

காசிமாயன் பம்புசெட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஆத்தா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சி. போகாமல் இருக்க முடியாது. சொன்ன சொல்லை முழுங்கவும் முடியாது. அழுது முடித்து முகம் கழுவியபோது ஒரு வழி தெரிந்தது. ராமரின் ஜீப்பைவிட உயரமான வண்டி ஒன்று வேண்டும். அதில் ஏறிப் போய், இறங்காமல், குனியாமல், பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைவிடச் சுலபமாக, நடந்துபோய் வாசலில் ஏறலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. நாம் காசிமாயன் இல்லை.

அந்த வாரமே போடி பஜாரில் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தார். மேலே ஏதோ எஸ்டேட்டில் இருந்த துரை ஒருவர் ஊரைக் காலிசெய்துகொண்டு போனாராம். அவர் விற்றுவிட்டுப் போன பந்தயக் காரை ஒரு வியாபாரி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். கூரை இல்லாத கார், இரண்டே சீட்டு. லாரிக்கு மேலே அது வெயிலில் தகதகவென்று நின்றதைக் காசிமாயன் அண்ணாந்து பார்த்தார். அடடா, எவ்வளவு உயரம்! அங்கேயே பேசி முடித்துவிட்டார்.

சிலமலையில் பலகை போட்டுக் காரை இறக்கினார்கள். இறக்கினார்கள், இறக்கினார்கள், அது இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. காசிமாயனின் தொடை உயரம்கூட இல்லை. அவர் பெண்டாட்டி அன்னக்கொடி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மிச்சம் எங்கங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் அதில் போடிக்குப் போனார். பஜாரில் ஆடு ஒன்று அவர் முகத்துக்கு நேராக முகம் வைத்து மென்றுகொண்டே நின்றது. எதிரே சைக்கிளில் வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு மேலிருந்து கும்பிடு போட்டார்கள். அத்தனை பேரும் தன் வழுக்கையைத்தான் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. நேராகத் தானியேல் பட்டறைக்கு விட்டார்.

போடியில் எந்த வண்டியையும் எழுப்பி நடக்கவிடுகிறவன் என்று தானியேலுக்குப் பேர். காரைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, இது ராசா வீட்டு வண்டிண்ணே. தரையோட ஒட்டிப் போனாத்தான் வளைவுல கவுறாது. அப்படியே ஓட்டுங்கண்ணே."

"நான் என்ன பந்தயத்துக்கா போறேன்? காதுகுத்துக்குப் போறேன். ஜீப்புக்கு மேல ஒரு சாண் இருக்கணும், தூக்கு."

"தூக்குனா வண்டி கெட்டுப் போகும்."

"தூக்கலைன்னா நான் கெட்டுப் போவேன்."

தானியேல் தலையைச் சொறிந்துகொண்டு வேலையில் இறங்கினான். அழகான கம்பிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஜீப்பு சக்கரங்களைப் பூட்டினான். டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டை வெட்டினான். காசிமாயன் ஏறி உட்கார்ந்து பட்டறைக்கு வந்திருந்த ஜீப்பு ஒன்றோடு தோளை ஒட்டிப் பார்த்தார். பத்தவில்லை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு லாரி ஸ்பிரிங்கின் இரும்புப் பட்டைகளைக் கொடுத்தான். லோடு லாரிக்கு அடிக்கும் பட்டை. அதுவும் பத்தவில்லை. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் தேக்குக் கட்டைகளைச் செருகி, சீட்டுக்கு அடியில் பலகை அடித்தான். கடைசியில் கார் கொக்கு மாதிரி நின்றது. ஏறுவதற்கு முக்காலி வேண்டியிருந்தது. காசிமாயன் மேலே உட்கார்ந்து தலையில் உருமாவைக் கட்டிக்கொண்டார். பக்கத்து ஜீப்பில் இருந்தவனின் உச்சந்தலை தெரிந்தது. அவர் மனசு குளிர்ந்தது.

"ஓட்டுறது நீ. நான் நிமிந்து ஒக்காந்து வரணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். அரிசி மூட்டை, வெல்லம், வாழைத்தார், கிடா, பட்டுப்பாவாடை என்று சீர் எல்லாம் ஒரு வாடகை ஜீப்பில் பின்னால் வந்தது. அன்னக்கொடியும் சொந்தபந்தங்களும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது பள்ளத்தின் பக்கம் சாய்ந்து, என்ன ஆழம் என்று எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது. தானியேல் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு மறு கையால் ஸ்டியரிங்கை ஒடித்தான். ஏலத்தோட்டத்துக்குப் போன மலையாளத்துப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி, "ஈஸ்வரா, இதெந்தா சாதனம்!" என்று வாயில் கை வைத்தார்கள். காசிமாயன் சீட்டுப் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் ஒரு இடத்திலும் அவர் குனியவில்லை.

ராமர் வீட்டு வாசலில் பெரிய பந்தல். முகப்பில் இரண்டு வாழைமரம், குறுக்கே ஒரு மூங்கில், அதில் மாவிலைத் தோரணம். கொட்டுக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். பொன்னுமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணே வந்துருச்சு! அண்ணே வந்துருச்சு!" என்று ஓடிவந்தாள். கார் மெல்ல ஏறிவந்து மூங்கிலுக்கு முன்னால் நின்றது. காசிமாயனின் மூக்குக்கு நேரே மூங்கில்.

தானியேல் ஏற்கெனவே பாதி குனிந்துவிட்டிருந்தான். "ஒரு நிமிசம் குனிஞ்சுக்கங்கண்ணே, உள்ள போயிருவோம்" என்றான்.

"மாட்டேன். மூங்கில ஒசத்தச் சொல்லு."

பந்தலுக்குள்ளிருந்து ராமர் யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்: "பால் தெளிச்சு, நவதானியம் கட்டி ஊனுன பந்தக்கால். விசேசம் முடியாம ஒரு விரக்கடை அசைக்கப்படாது. வேணும்னா எறங்கி வரச் சொல்லுங்க."

இறங்கவும் மாட்டார், குனியவும் மாட்டார், பந்தலும் அசையாது. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். பொன்னுமணியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் காசிமாயனுக்கு நெஞ்சு பிசைந்தது. கழுத்துதான் மடங்கவில்லை.

"காத்தை எறக்குறேன்" என்று தானியேல் குதித்தான். நாலு சக்கரத்திலும் பாதிக் காற்றைப் பிடுங்கினான். மூங்கில் மூக்கிலிருந்து நெற்றிக்கு வந்தது. அதற்கு மேல் பிடுங்கினால் வண்டி நகராது.

"பாரத்தை ஏத்துங்க! லாரி பட்டை, பாரம் ஏறுனா எறங்கும்!"

அரிசி மூட்டைகளைக் காரில் ஏற்றினார்கள். வெல்லம் ஏறியது. வாழைத்தார் ஏறியது. கிடாவைத் தூக்கிக் காசிமாயனின் காலடியில் செருகினார்கள். சீர் கொண்டுவந்த சித்தப்பன்மாரும் சின்னம்மாமாரும் பானெட்டிலும் டிக்கியிலும் ஏறிக் குந்தினார்கள். லோடு லாரிக்கு அடித்த பட்டை அதற்கெல்லாம் லேசாகச் சிரித்தது, அவ்வளவுதான். பந்தலில் பந்திக்குக் காத்திருந்த ராமரின் பங்காளிகள் பசி தாங்காமல் தாங்களும் ஓடிவந்து பக்கத்துக்கு நாலு பேராகத் தொங்கினார்கள். கொட்டுக்காரர்கள்கூடக் கொட்டோடு ஏறினார்கள். மூங்கில் இப்போது உருமாவின் உச்சிக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு விரக்கடை.

ஏறாமல் நின்றது ஒரே ஒரு ஆள்தான். அந்த மலையிலேயே கனத்த ஆளும் அவர்தான்.

"அவன் வண்டியில நான் ஏறணுமா?" என்றார் ராமர்.

பொன்னுமணிக்கு அதுவரை அடக்கிவைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஒருத்தருக்கு எறங்கத் தெரியல, ஒருத்தருக்கு ஏறத் தெரியல! உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எத்தன வருசம் செத்துச் செத்துப் பொழைக்கிறது? ராகுகாலம் பொறந்துச்சுன்னா எம்புள்ளயத் தூக்கிட்டு எங்கயாவது போயிருவேன். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து இந்தப் பந்தலக் கட்டிக்கிட்டு அழுங்க!"

கொட்டு நின்றது. ராமர் வேட்டியை மடித்துக் கட்டினார். முக்காலியில் கால் வைத்தார். காசிமாயன் பக்கத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தில் தன் உடம்பை இறக்கினார். லாரி பட்டை முனகியது. கார் சரியாக இரண்டு விரக்கடை கீழே போனது.

தானியேல் இன்ஜினை உறுமவிட்டான். கார் ஊர்ந்தது. மூங்கில் உருமாவைத் தொட்டும் தொடாமலும் தலைக்கு நேர் மேலே வந்தபோது, பாரம் தாங்காமல் இன்ஜின் அணைந்தது. அணைந்தது அணைந்ததுதான். ஒரு பங்காளி கீழே குதித்தான். உடனே கார் எழும்பி, உருமா மூங்கிலை முட்டி, பந்தல் முழுக்க மடமடவென்றது.

"யாரும் எறங்காதீங்க! பந்தல் போயிரும்!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். குதித்தவன் பாய்ந்து மறுபடி தொங்கினான்.

முதுகு பந்தலுக்கு வெளியே, முழங்கால் பந்தலுக்கு உள்ளே. இதை வந்ததாக எடுத்துக்கொள்வதா, வராததாக எடுத்துக்கொள்வதா என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஆசாரிதான் தீர்ப்புச் சொன்னார்: "மடி உள்ள வந்துருச்சுல்ல? நமக்கு மடிதான வேணும்." சொல்லிக்கொண்டே ஊசியோடு பானெட்டில் தவழ்ந்து ஏறினார்.

பொன்னுமணி பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள். பேச்சி புதிய முகத்தை ஒருதரம் பார்த்தாள், உருமாவைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள். ராமர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேறு வழியில்லாமல் அவர் தோள் காசிமாயன் நெஞ்சில் சாய்ந்தது. ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டாள்.

"அழாதடா, எந்தங்கம். மாமன் இருக்கேன், ஆத்தா, மாமன் இருக்கேன்" என்று காசிமாயன் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, காதில் துளிர்த்த ரத்தத்தை ஊதிவிட்டார். கன்னத்தோடு கன்னம் வைத்தார். உருமா அவிழ்ந்து கிடாவின் மேல் விழுந்தது. மனுஷன் முழுசாகக் குனிந்திருந்தார்.

அன்னக்கொடி பார்த்துவிட்டாள். "அடப் பாவி மனுசா, இதத்தான..." என்று தொடங்கியவளின் கையைப் பொன்னுமணி அழுத்திப் பிடித்தாள். பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பங்காளிகள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். சித்தப்பன்மார் இறங்கினார்கள். கொட்டுக்காரர்கள் கொட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பூனைபோல் இறங்கினார்கள். கார் விரல் விரலாக மேலே எழும்பியது. மூங்கில் காசிமாயனின் குனிந்த முதுகுக்குப் பின்னால், எதிலும் படாமல் நின்றது. அவருக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது காதும் குத்தி முடிந்திருந்தது. விக்கி விக்கி அழுத பிள்ளை அப்பன் கையில் காலும் மாமன் கையில் தலையுமாக அப்படியே தூங்கிப்போயிருந்தாள்.

பந்தி தொடங்கியது. சோறும் கிடாக்கறியும் மணந்தன. அது வேறு கிடா. சீர்க் கிடா காரிலேயே உருமாவை மென்றுகொண்டிருந்தது. கூட்டமெல்லாம் இலையில் உட்கார்ந்த பிறகுதான் காரில் இரண்டு பேர் மட்டும் மிச்சம் இருப்பதைப் பொன்னுமணி கவனித்தாள். கிட்டே போய், "எல்லாரும் எறங்கியாச்சு. நீங்களும் எறங்கிச் சாப்பிட வாங்க" என்றாள்.

காசிமாயன் தலையைத் தூக்காமல், "நீங்க போங்க மாப்ளே, பசியோட இருப்பீங்க" என்றார்.

ராமர் பிள்ளையின் பாதத்தை விடாமல் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு சோலியும் இல்ல மச்சான். புள்ள முழிக்கட்டும்."