எழுபதைக் கழித்தால்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் தொரை. வேலை வெட்டி எதுவும் கிடையாது, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்கும். அந்த ஜென்மத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வைத்தவள் என் தம்பி பெண்டாட்டி. அவள் போய்ச் சேர்ந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. நாயையும் தம்பியையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். தம்பி முன்னறையில் மேஜை போட்டு செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். போனெல்லாம் ரிப்பேர் கடையிலிருந்து டப்பாவில் வரும், டப்பாவிலேயே போகும். ஆள் யாரும் வர மாட்டார்கள். அவன் காலடியில் தொரை படுத்துக் கிடக்கும்.

தொரை பின்னங்காலை நொண்ட ஆரம்பித்ததும் டாக்டரம்மாவிடம் கொண்டு போனோம். முட்டியில் நார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் நடக்கும் என்றார். ஆனால் முப்பது கிலோ எடையோடு மயக்க மருந்து கொடுக்க மாட்டேன், இரண்டு மாதத்தில் இருபத்தாறுக்குக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த காலும் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாய் தானா டப்பாவத் திறந்து சாப்பிடாதும்மா," என்று ஒரு குத்தும் குத்தினார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாயை விட்டால் அவனுக்கு நாதி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து தொரையின் சாப்பாடு என் பொறுப்பு. காலையில் ஒரு கப், ராத்திரி ஒரு கப், தலை தட்டி அளந்து வைப்பேன். பிஸ்கட் டின் அலமாரிக்குள் போயிற்று, அலமாரிச் சாவி என் கைப்பையில். தம்பியிடம் விரலை ஆட்டி எச்சரித்தேன். அவன் சரி சரி என்று தலையாட்டினான். எதற்குத்தான் அவன் தலையாட்டவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்போம். எங்களிடம் இருப்பது மனுஷர் ஏறி நிற்கிற சின்ன மிஷின். தொரையை அதில் நிறுத்தினால் உட்கார்ந்துகொள்ளும், பாதி உடம்பு தரையில் வழியும். அதனால் தம்பி அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவான். நான் குனிந்து முள்ளைப் பார்த்து, அவனுடைய எழுபதைக் கழிப்பேன். முதல் நாள் அவனை மட்டும் ஏற்றிப் பார்த்தபோது சரியாக எழுபது காட்டியது. கல்யாணமானதிலிருந்து அவன் எழுபதுதான். வளர்ந்த ஆண்பிள்ளையின் எடை வாராவாரமா மாறப்போகிறது?

நூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்று இறங்கியது. எட்டாவது வாரம் தொண்ணூற்றாறு. தொரை இருபத்தாறு கிலோ. தூக்கியவனுக்கு மூச்சு வாங்கியது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன், நாயை இளைக்க வைக்க ஒரு கப் போதும், வாயைக் கட்டத் தெரிய வேண்டும் என்று.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கத் தரையோடு தரையாகப் பெரிய பலகை இருக்கிறது. தொரையை அதில் தள்ளினோம். முப்பத்தொன்று என்று காட்டியது.

மிஷின் கெட்டுவிட்டது என்றேன். டாக்டரம்மா தொரையை இறக்கிவிட்டு, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஏற்றினார். முப்பத்தொன்றுதான். ஆபரேஷன் இப்போது கிடையாது, இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், அதுவரை அடுத்த கால் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே தம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்ன கொடுத்தாய், யாருக்குத் தெரியாமல் கொடுத்தாய் என்று கத்தினேன். கத்திக்கொண்டே கணக்குப் போட்டேன். தொண்ணூற்றாறில் முப்பத்தொன்று போனால் அறுபத்தைந்து.

"நீ ஏறு," என்றேன்.

ஏறினான். அறுபத்தைந்து.

நாள் முழுக்க ஊரார் இடுப்பை அளக்கிறவள் நான். இவனுடைய பேன்ட்டை இந்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை நானேதான் பிடித்துத் தைத்தேன். மட்டமான துணி, துவைக்கத் துவைக்கத் தொளதொளவென்று ஆகிறது என்று திட்டிக்கொண்டே தைத்தேன். மூடி வைத்துவிட்டுப் போகிற சாப்பாட்டுத் தட்டு, நான் வரும்போது சுத்தமாக இருக்கும். நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

"உன் சாப்பாட்டையா போட்ட?"

"நீதானே கொறையுதுன்னு சொன்ன. கொஞ்சம் குடுத்தா தப்பில்லன்னு நெனச்சேன்."

"நீ ஏன்டா சாப்பிடல?"

அவன் பலகையிலிருந்து இறங்கவே இல்லை. "தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதுக்கா. அது ஒண்ணுதான் பக்கத்துல வந்து உக்காருது."

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ எழுதினார். எனக்கு மானமே போயிற்று. டாக்டரம்மா முன்னால் என்பதால் இல்லை. ஒன்றேகால் வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். அவனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே வரவில்லை. கடையில் பாதி, அடுப்படியில் நின்றபடி பாதி என்று என் சாப்பாடு முடிந்துவிடும். நாயின் தட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், தம்பியின் தட்டை ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை.

கடைக்கு போன் பண்ணி அரை நாள் லீவு சொன்னேன். வழியெல்லாம் கோபம் ஆறவில்லை. பத்து மணி நேரம் மிஷின் மிதித்துவிட்டு வந்து இவனுக்கும் ஊட்ட வேண்டுமா, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மனசு முழுக்கப் பொருமல். அலுப்பு அப்படி.

வீட்டுக்கு வந்ததும் தொரையைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். ரொட்டியும் முட்டையும் இரண்டு தட்டில் வைத்தேன். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உள்ளே தொரை கதவைப் பிறாண்டி அழுதது. தம்பி கதவையே பார்த்தான். அழட்டும், நீ சாப்பிடு என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது துண்டைப் பிய்த்ததும் கை பழக்கத்தில் மேஜைக்குக் கீழே இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மேலே வந்தது. அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அழுதபடியே மென்றான்.