நிறுத்தச் சொன்ன மூன்று வாரம்

மருத்துவப் பரிசோதனை அன்று டிப்போவில் டிரைவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு காரியம் செய்வார்கள். கூப்பிடும்வரை ஓய்வறையில் கிடக்கும் நீள பெஞ்சில் மல்லாந்து படுத்து, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் மேலதிகாரி பேச்சை எடுக்கக் கூடாது, கிடைக்காத லீவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் இறங்கினால்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார், கையெழுத்து விழுந்தால்தான் ஸ்டீயரிங். உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைக் கெடுத்துக்கொள்கிற வேலை இது. சர்க்கரையும் பிரஷரும் இல்லாத டிரைவரை அந்த டிப்போவில் விளக்குப் போட்டுத்தான் தேட வேண்டும்.

அவளும் படுத்தாள். பஸ் ஓட்ட வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் படுக்கிறவள்தான். இந்த வருஷம் அது வேண்டாத வேலை என்று அவளுக்கும் உறைக்கவில்லை, யாரும் சத்தம் போடாமல் காவல் நின்ற கண்டக்டருக்கும் உறைக்கவில்லை. போன பரிசோதனைக்கு அப்புறம் காலை ஓட்டத்தை வாரத்துக்கு நூறு கிலோமீட்டர்வரை ஏற்றிவிட்ட ஒருத்தியின் நெஞ்சு சும்மாவே நிதானமாக, பென்ஷன் வாங்குகிறவர் நடை போவது மாதிரிதான் துடிக்கும். அதைப் போய் அரைமணி நேரம் தாலாட்டித் தூங்க வைத்தால் என்ன ஆகும்?

டாக்டர் அவள் விரலில் கிளிப்பை மாட்டினார். திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். மெஷின்மேல் தப்பில்லை. மறுபடி அவள் விரலில் மாட்டினார். நாற்பதைக்கூட எட்டவில்லை. படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, காகிதத்தில் கோடு கோடாக எடுத்துப் பார்த்தார். தலை சுற்றுமா, கண் இருட்டுமா, மயங்கி விழுந்தது உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். கடைசியில், ஏதாவது உடற்பயிற்சி உண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் அவள் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, முன்பக்கம் நரைத்த தலை, காக்கிச் சட்டை. எதற்கு ஓடுகிறீர்கள், போட்டி ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றாள். எடை குறைக்கவா? அதுவும் இல்லை. பின்னே எதற்கு என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஓடுகிறவர்களுக்கு நாடி குறைவாக இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் இந்த வயசில், இவ்வளவு குறைவாக, எல்லாம் ஓட்டத்தால்தான் என்று எந்தத் தைரியத்தில் எழுதிக் கொடுப்பது? "உங்க பின்னாடி அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்கம்மா," என்றார். மூன்று வாரம் ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நாடி ஏறியிருந்தால் ஓட்டத்தின் விளைவுதான், பஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம், இனி ஓடுவதையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் ஓட வைத்துப் பார்க்கும் சோதனை. அதற்கு முறை வர மாசக்கணக்காகும், அதற்குள் அவளுடைய தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு திரும்பக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

மூன்று வாரத்துக்கும் அவளைத் தொலைந்த பொருட்கள் அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. குடைகள், ஒற்றைச் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒரு பல் செட். பல் செட்டை பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனவர் வீட்டுக்குப் போய் என்னதான் சாப்பிட்டாரோ, இன்றுவரை கேட்டு வரவில்லை. டிப்போவே திரண்டு வந்து அவளுக்கு யோசனை சொன்னது. சொன்னதெல்லாம் நாடியை இறக்கும் வழி. வெந்நீரில் கால் வை, கண்ணை மூடி நூறு எண்ணு, வெள்ளரிக்காய் சாப்பிடு. கண்டக்டர்தான் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏத்தறதுக்கு நம்ம டிப்போல ஒருத்தன்கூட வழி கண்டுபிடிக்கலையேக்கா." கடைசியில் அவனே ஒன்று கண்டுபிடித்தான். பரிசோதனைக்குக் கிளம்பும்போது புருஷனோடு ஒரு நல்ல சண்டை போட்டுவிட்டு வர வேண்டும். அவள் சிரித்துவிட்டாள். அவரோடு சண்டை மூட்டுவதைவிட பஸ்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

புருஷன் தையற்காரர். வீட்டு முன்னறைதான் கடை. குரல் உயர்த்தத் தெரியாதவர், கோபம் வந்தால் மெஷினை வேகமாக மிதிப்பார், அவ்வளவுதான். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அவருடைய தம்பி, நாலு வருஷத்துக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன். அதற்கு முதல் நாள்கூட இந்த முன்னறையில் உட்கார்ந்து சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து நெஞ்சு என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்தவருக்கு இப்போது ஒரு டாக்டரே துணைக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை அவரே காபி போட்டு அவள் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தார்.

அவள் நிறுத்திப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் விடியும்போதே கால் விழித்துக்கொண்டு, போர்வைக்குள் குழந்தை மாதிரி உதைத்தது. மூன்றாம் நாள் சாப்பாடு ருசிக்கவில்லை, எதிர்வீட்டு நாய்மேல்கூட எரிச்சல் வந்தது. தொலைந்த குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. பஸ் போய்விடுமே என்று அல்ல. பஸ் கிடைத்து, இது போய்விட்டால் என்ன செய்வது என்று.

இதை யாருக்கு எப்படி விளக்குவது? முட்டி பிடித்துக்கொள்கிறது என்று நடக்கப் போனவள், நடை சலித்து ஒருநாள் தெருமுக்குவரை ஓடிப் பார்த்தாள். அவ்வளவுதான் தொடக்கம். முக்கு பாலமாயிற்று, பாலம் நகரத்தின் மறுகோடியாயிற்று. ஒருநாள் ஓடினால் வருவது சும்மா வேர்வை. அவளுக்குப் பிடித்தது நாள்மேல் நாள் ஏறுவது. திங்கட்கிழமை கால் கல்லாகக் கனக்கும், செவ்வாய் முனகும், புதன்கிழமை இனி முடியாது என்று சத்தியம் பண்ணும். வியாழக்கிழமை, ஏன் என்றே தெரியாது, அதே கால் சண்டையை விட்டுவிட்டு தன்பாட்டுக்குப் போக ஆரம்பிக்கும். அப்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது வயிற்றிலிருந்து வரும். லீவு நாளில் நீள ஓட்டம். அதன் கடைசிப் பகுதியில் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது, அவள் மட்டும் இருப்பாள். பஸ்ஸில் அவள் போகிற ஒவ்வொரு அடியும் யாருக்கோ சொந்தம். யாரோ மணி அடித்தால் நிற்க வேண்டும், யாரோ அடித்தால் கிளம்ப வேண்டும். வீட்டிலும் அப்படித்தான், வளர்ந்து கட்டிக்கொடுத்த பெண்கூட ஃபோனில் மணி அடிக்கிறாள். விடியற்காலையில் அதே தடத்தில், தான் நிறுத்துகிற அதே நிறுத்தங்களை ஒன்றொன்றாக நிற்காமல் தாண்டிப் போகும்போது அவளை மணி அடித்து நிறுத்த ஒருத்தரும் கிடையாது. திங்கட்கிழமை வந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஐயோ மறுபடியுமா என்பார்கள் கேட்கிறவர்கள். ஆமாம், மறுபடியும்தான். அதுதானே ருசியே.

நாலாம் நாள் விடியற்காலை அவள் ஷூவை மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது, புருஷன் கதவுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் காஜா எடுக்கிற சட்டை. அந்த நேரத்தில் யாரும் காஜா எடுப்பதில்லை.

அவள் நின்றாள். அவர் நிமிராமலே பேசினார். மூன்று வாரம்தானே என்றார். ஊரே சொல்கிறது, டாக்டர் சொல்கிறார், இதில் உனக்கு என்ன அப்படி ஒரு வீம்பு என்றார். நாலு வீட்டுப் பெண்கள் நடை போகிறார்கள், நடந்துவிட்டுப் போயேன் என்றார். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"லீவு நாள்ல மத்தியானம் நீ தூங்குறப்ப பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டுப் போறேன், தெரியுமா உனக்கு? மூச்சு வருதான்னு. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கு அது தெரியாது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவிழாத ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். இந்த மனுஷருக்காக எதையும் விட்டுவிடலாம் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. ஆனால் விட்டுவிட்டு, அந்த ஜன்னலில்லாத அறையில் தானும் ஒரு தொலைந்த பொருளாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். நெஞ்சு அங்கேதான் நின்றுபோகும்.

"எனக்கும் பயம் இருக்குங்க. ஆனா ஓடுறப்ப இல்ல. இந்த மூணு நாளாத்தான் பயமா இருக்கு," என்றாள். "வேற என்ன வேணா கேளுங்க, தர்றேன். இதை மட்டும் கேக்காதீங்க. கேட்டாலும் தர மாட்டேன்."

அவர் ஸ்டூலை நகர்த்தவில்லை. அவள் எழுந்து, கொல்லைப்புறக் கதவைத் திறந்து, துவைக்கிற கல்லைத் தாண்டிச் சந்து வழியாகப் போனாள். திரும்பி வரும்போது முன்கதவு திறந்துகிடந்தது, மெஷின் படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. காபி தலைமாட்டுக்கு வரவில்லை. அடுப்பு மேடையில் மூடி வைத்திருந்தது.

மூன்று வாரமும் ஓடினாள். குறைத்தும் ஓடவில்லை. அந்த மூன்றாவது வாரம் நூறையும் தாண்டிப் போனாள், திமிர்தான். டிப்போ முழுக்கத் தெரிந்துபோயிற்று. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள்: டாக்டர் கேட்டால் நிறுத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். சொன்னால் என்ன வாய் வெந்தா போய்விடும்? போகாதுதான். ஆனால் ஓடுகிறதை ஒளித்து வைக்கிற மாதிரி ஆக்கிவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வயசுக்குப் பிறகு திருட்டுத்தனமாகச் செய்ய இது என்ன சிகரெட்டா?

மறுபரிசோதனைக்குப் புருஷனும் கடையை மூடிவிட்டுக் கூட வந்தார். வழியெல்லாம் அவள் பையை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். மருத்துவப் பிரிவு டிப்போவை ஒட்டிய பல மாடி அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. டாக்டர் கிளிப்பை மாட்டினார். எண் போன தடவையைவிட ஒன்றிரண்டு கூட, அவ்வளவுதான்.

"ஓட்டத்த நிறுத்தினீங்களாம்மா?"

"இல்ல."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அப்படியானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன் என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. பேனாவை எடுத்தார். புருஷன் பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பண்ணுவாங்க சார்?" என்றாள் அவள்.

ஓட வைப்பார்கள் என்றார் அவர். ஓடும்போது துடிப்பு தேவைக்கு ஏறுகிறதா, நின்றதும் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

"அதுக்கு எதுக்கு மாசக்கணக்கா காத்துக் கெடக்கணும்? வெளியில மாடிப்படி இருக்கு."

அப்படியெல்லாம் முறையில்லை, அந்தச் சோதனையும் இதுவும் ஒன்றாகாது என்று டாக்டர் சொல்லச் சொல்ல, அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். காக்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தாள். உச்சிவரை போய், தடதடவென்று கீழே வந்து, தரையைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே. ஃபைல்களோடு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். யாரோ பைத்தியமா என்றார்கள். புருஷன் கீழ்ப்படியில் நின்று, போதும் போதும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் கதவுக்கு வந்து, நிறுத்துங்கம்மா என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவள் காலையும், முகத்தின் நிறத்தையும், மூச்சு போகிற விதத்தையும் கூர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்கோ தொடை எரிந்தது, தொண்டை காய்ந்தது, உள்ளே அந்தப் பழைய சந்தோஷம் மெல்லத் தலைநீட்டியது. இங்கேயுமா என்று நினைத்துக்கொண்டாள். பஸ், கையெழுத்து எல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது.

அவளாகத்தான் நின்றாள். கீழ்ப்படியில் பொத்தென்று உட்கார்ந்து வலது கையை நீட்டினாள். டாக்டர் தன் கோட்டோடு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தார். மறுபக்கம் புருஷன் உட்கார்ந்தார். கேட்காமலே அவள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, துணியில் தையல் தேடுகிறவர் மாதிரி விரலால் தடவித் தேடி, கண்டுபிடித்தார். அது குதித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வேகத்தை அவர் விரல் அதுவரை தொட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் புருஷன் முகம் வெளிறியது.

"டாக்டர், குறையுதே!"

டாக்டரின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"குறையும்ங்க. அதுக்கு அப்படித்தான் பழக்கம்," என்றாள் அவள். "விரல எடுக்காம பாருங்க."

புருஷன் எடுக்கவில்லை. டாக்டரும் எடுக்கவில்லை. படியேறுகிறவர்கள் மூன்று பேரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். வேர்வை அவள் நெற்றியிலிருந்து இறங்கி மூக்கு நுனியில் வந்து தொங்கியது, துடைப்பதற்குக் கை இல்லை. அவள் உதட்டைக் குவித்து அதை ஊதிவிட்டுச் சிரித்தாள்.