பாய்லர்காரர் வீட்டு ஒழுகல்

என் வீட்டுக்காரர் ரூஃபஸுக்கு ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலை. தான் அடித்த இணைப்பில் ஆவிகூடக் கசியாது என்று எங்கள் மல்காஜ்கிரி பேட்டை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிவார். வீட்டுப் பின்சுவரோடு சாய்த்துப் போட்ட என் தையல் ஷெட் மட்டும் மழைக்கு மழை ஒழுகும். தகரக் கூரை சுவரைத் தொடும் இடத்தில் சிமெண்டை அப்புவார். அடுத்த மழையில் அது விரிசல் விட்டு, துருத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளைச் சபையில் முழுமையாகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனை. பதினாறு பெண்பிள்ளைகளின் வெள்ளைக் கவுன்களுக்குச் சபையார் முதன்முறையாக என்னை நம்பித் துணி கொடுத்திருந்தார்கள். ஒரு சொட்டுத் துரு பட்டால் போச்சு. வீட்டுக்குள் மெஷின் போட இடமில்லை. செவ்வாய்க்கிழமை வானம் கறுத்ததும் துணியையெல்லாம் வாரி மூட்டை கட்டினேன்.

அவர் நாலாவது தடவையாகச் சிமெண்டோடு நின்றார்.

"இந்த வாட்டி இறுக்கி அடைச்சிருதேன் பாரு."

"நக்கோ, வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். அவர் காக்கிச் சட்டையில் நான் தைத்த பை அப்போதுதான் கண்ணில் பட்டது. "ஏங்க, உங்க பை மூடியப் பாருங்க. மேல மட்டும்தான் தைச்சிருக்கேன். கீழயும் தைச்சா?"

"இழுத்தா கிழியும்."

"அதான்! வெயில்ல தகரம் நீளுது, குளிர்ல சுருங்குது. நீங்க ரெண்டையும் சேத்துப் பிடிச்சா கிழியாம என்ன செய்யும்?"

அவர் உளியைத் தேடி ஓடினார். கூரைக்கு ஒரு சாண் மேலே சுவரில் நீளமாகக் காடிப் பள்ளம் வெட்டினார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நான் பட்டையாக மடித்துக் கொடுத்தேன். மேல் ஓரம் காடிக்குள் சிமெண்டில் உட்கார்ந்தது. கீழ் ஓரம், சுவரில் வழியும் தண்ணீரைக் கூரைமேல் தள்ளிவிடும்படி, தகரத்தின் மேல் ஒட்டாமல் சும்மா படுத்திருந்தது. அதையும் அடைக்க அவர் கை துறுதுறுத்தது.

"தொட்டீங்க, பாத்துக்கோங்க!"

புதன்கிழமை வெயில் கொளுத்தித் தள்ளியது. வியாழன் மாலை மழை பேயாய்க் கொட்டியது. ஷெட்டுக்குள் சுவரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். கையில் வெறும் சுண்ணாம்புத் தூள்! சந்தோஷத்தில் அல்லேலூயா என்று அலறினேன்.

வெளியே ஏணியில் நின்று பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த ரூஃபஸ் இறங்கித் தொப்பலாக ஓடிவந்தார்.

"ஏட்டி, ஒழுகலையா?"

"வாசல்லயே நில்லுங்க! துணி!"

அவர் அப்படியே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"பியூலா, கீழ ஒரு பக்கம் தொறந்து விட்டேன்னு பட்டறையில மட்டும் யாருட்டயும் சொல்லிராத."